மன்னியின் வண்டிக்கு நாலு டயர்

1974 நவம்பர் 3, ஞாயிறு

டாலிகஞ்ச் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி பஞ்சர். போன வாரமும் இதே கதைதான். ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றிய டயரைத் தடவிப் பார்த்தேன். பட்டன் எல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. ஓரத்தில் நூல் தெரிகிறது. மற்ற மூன்றும் ஏறக்குறைய இதே கதிதான். மழைக்காலம் முழுக்க இதில்தான் மன்னியையும் அவள் பெண் தாராவையும் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

அண்ணா இருந்திருந்தால் இந்த நிலைக்கு விட்டிருக்க மாட்டான். 57-ஆம் வருஷத்து மாக்னெட் கார் இது. சணல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அண்ணாவிடம் விற்றுவிட்டுப் போனார். நாலு கதவு, பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்; ஆனால் மிதித்தால் ரேஸ் வண்டி. நான் எப்போதும் பக்கத்து சீட்டுதான். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ரெட் ரோட்டில் கொஞ்ச தூரம் கொடுப்பான். "போதும்டா பாச்சு" என்று வாங்கிக்கொள்வான்.

மே மாதம் மஞ்சள் காமாலையில் அண்ணா போய்விட்டான். பத்தாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்க நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சௌரங்கியில் மூன்றாவது கியர் விழுந்தபோது மனசுக்குள் ஒரு குதூகலம் வந்தது. வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆறு மாதமாக இதை எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆபீஸில் மத்தியானம் சொல்லிக்கொண்டு டயர் கடைகளுக்குப் போனேன். நம் டயரில் 5.50–15 என்று போட்டிருக்கிறது. முதல் எண் டயரின் பருமன், அடுத்தது சக்கரத்தின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. இந்த 5.50 இப்போது கல்கத்தாவிலேயே கிடையாதாம். கடைக்கார சர்தார்ஜி பொறுமையாகச் சொன்னார். அம்பாசடருக்குப் போடும் 5.90–15 கையிலேயே இருக்கிறது, கொஞ்சம் பெரிசு, ஆனால் ஓடும். ஃபோக்ஸ்வாகனுக்கு வரும் 5.60–15 இருக்கிறதே, அதுதான் மாக்னெட்டுக்கு ஏறக்குறைய சொந்த அளவு. அதில் இரண்டுதான் இருக்கிறது. மீதி இரண்டுக்குப் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மன்னியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல எதைப் போட்டா ஓட்டறதுக்கு லேசா இருக்கும்?" என்றாள்.

யாருக்கு லேசாக இருக்க வேண்டும் என்று புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். நவராத்திரியிலிருந்து கரியாஹாட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம். தாரா பள்ளிக்கூடம் போனபின் ஒரு மணி நேரம். பெஹாலாவில் ஒரு ஸ்கூலில் ஜனவரியிலிருந்து டீச்சர் வேலை சொல்லியிருக்கிறார்கள். தாராவையும் அங்கேயே சேர்த்துவிடலாம். "பஸ்ல அவளையும் இழுத்துண்டு ஏற முடியாது பாச்சு. தினம் உன்னை எதிர்பார்க்கவும் முடியாது. நாளைக்கு உனக்கும் ஒரு கல்யாணம் கார்த்தின்னு ஆகணுமே."

"பேஷ் மன்னி" என்றேன். டயரை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

விசாரிக்க என்ன இருக்கிறது? சின்ன டயர்தான் லேசு. அது எனக்குத் தெரியும்.

நவம்பர் 6, புதன்

வண்டி அவளுடையது. ஆர்.சி. புத்தகத்தில் சுந்தரவல்லி லக்ஷ்மிநாராயணன் என்றுதான் இருக்கிறது. இதில் நான் வருத்தப்பட என்ன இருக்கிறது?

நவம்பர் 10, ஞாயிறு

பவானிபூரில் தத்தா பாபுவின் காரேஜ். அண்ணா காலத்திலிருந்து அங்கேதான். தத்தா பாபுவுக்குப் பந்தயப் பைத்தியம். பிப்ரவரியில் டயமண்ட் ஹார்பருக்கு ராலி இருக்கிறது, மாக்னெட்டை இறக்குங்கள் என்று போன வருஷமே அண்ணாவைக் கெஞ்சினார். அண்ணா சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

டயர் விஷயத்தைச் சொன்னதும் 5.60, 5.90 எதையுமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜாகுவாருக்கு வரும் 6.40 போடலாம் என்றார். இப்போதுள்ள ரிம் அதற்குக் குறுகல். ரிம்மை நடுவில் வெட்டி, இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலமாக்க வேண்டும். உள்பக்கம் அகலமாக்கினால் ஸ்பிரிங்கில் உரசும், அதனால் வெளிப்பக்கம்தான். வண்டி நாலு காலையும் அகட்டிக்கொண்டு சிங்கம் மாதிரி நிற்கும், வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். கேட்கக் கேட்க எனக்கு நாக்கு ஊறியது.

அப்புறம் அவரே சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க தாதா. வேகத்துல ஒண்ணும் தெரியாது. மெதுவாப் போறப்போ ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்கும். நின்ன இடத்துல திருப்பினா தோள்பட்டை பேசும். யார் ஓட்டப் போறது?"

"நான்தான்."

"பௌதி?" மன்னியைத்தான் கேட்டார்.

"அவங்க ஓட்ட மாட்டாங்க" என்றேன்.

மனசறிஞ்சு சொன்னேன். டிராமில் திரும்பும்போது ஹாஜ்ரா வரும்வரைக்கும், இறங்கித் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை.

நவம்பர் 13, புதன்

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. தெருவில் காளி பூஜைப் பட்டாசு. தாரா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்து வீட்டு வங்காளி மாமி மாஷிமா அவளுக்கு மட்டும் ஒரு கட்டு மத்தாப்பு கொண்டுவந்து கொடுத்தாள். மன்னி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

கட்டிலுக்கடியில் புது ஷூ ஒன்று கிடந்தது, கறுப்பு, பட்டை வைத்தது. செருப்பு பெடலில் வழுக்குகிறதாம். மன்னி ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நாலு ரிம்மும் வெட்டியாச்சு. பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்டாத ரிம் என்று இனி ஸ்டெப்னி ஒன்றுதான்.

நவம்பர் 23, சனி

வண்டி வந்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. அழகு, அப்படி ஓர் அழகு. பழைய டயரில் ஏதோ ஆபீஸ் குமாஸ்தா மாதிரி நின்ற வண்டி இப்போது தோளை விரித்துக்கொண்டு நிற்கிறது. தாரா நாலு பக்கமும் சுற்றி வந்து "கீ தாருண், சித்தப்பா" என்றாள். அவளுக்கு சந்தோஷம் எல்லாம் வங்காளியில்தான் வரும்.

மன்னி குனிந்து டயர்மேல் கையை வைத்துப் பார்த்தாள். "ஏன் இத்தனை தடியா இருக்கு?"

"மழையில வழுக்காது மன்னி. உங்களுக்குத்தான் சேஃப்டி."

"நல்லதாப் போச்சு" என்றாள். நம்பிவிட்டாள்.

நவம்பர் 24, ஞாயிறு

விடிகாலைப் பனியில் ரெட் ரோட். தனியாக. டயர் பெரிசானதில் மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. அறுபது மைல் என்று முள் நிற்கும்போது உண்மையில் அதற்கு மேலேயே போகிறது. போதும்டா பாச்சு என்று சொல்ல ஆள் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று மன்னி ஓட்டினாள்.

காலையில் சதர்ன் அவென்யூ, ஏரிப் பக்கம், கூட்டம் இருக்காது. தாரா பின்னால், நான் பக்கத்தில். கிளச், கியர் எல்லாம் சுத்தமாக வருகிறது. நேரே போகும்வரை அண்ணாவைவிட நிதானம். திரும்பும் இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள், ஸ்டியரிங்கைச் சுற்றினாள், அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சீட்டைவிட்டு உடம்பைத் தூக்கி இழுத்தாள். பாதி வட்டத்துக்குள் எதிர்ப் பக்க நடைபாதையில் முன் சக்கரம் முட்டிவிட்டது. பின்னால் எடுத்து, மறுபடி இழுத்து, மறுபடி. நெற்றியெல்லாம் வியர்வை. டிசம்பர் மாதத்தில்.

"ஸ்கூல் வண்டி இப்படி இல்லையே பாச்சு" என்றாள் மூச்சு வாங்க.

அப்போது சொல்லியிருக்கலாம். டயரால்தான் மன்னி, நான் போட்ட டயரால்தான். வாய் என்னவோ வேறு சொல்லியது. "அது ஃபியட் மன்னி. இது ஸ்போர்ட்ஸ் வண்டி, அப்படித்தான் இருக்கும். அண்ணாவே கஷ்டப்பட்டுத்தான் திருப்புவான்."

"அப்படியா? அவர் சொன்னதே இல்லையே" என்றாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை பட்ட இடத்தைப் பார்ப்பது மாதிரி.

பொய். அண்ணா ஒரு கையால் திருப்புவான். இன்னொரு கையில் சிகரெட் இருக்கும்.

டிசம்பர் 9, திங்கள்

செத்தவனையுமா இழுத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

மன்னி கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் வாளியை இரண்டாவது மாடிக்குத் தானே தூக்கிக்கொண்டு வருகிறாள். வேலைக்காரி வாங்கப் போனால் கொடுப்பதில்லை. ஒரு தரம் வலது கை, ஒரு தரம் இடது கை. "கைக்கு பலம் வரட்டும்" என்கிறாள். உள்ளங்கையில் கொப்புளம். அதே கையால் எனக்குச் சாதம் போட்டாள். நானும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 21, சனி

மன்னிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் ஃபியட்டில் எட்டு போட்டுக் காட்டினாளாம், இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டாராம். பால் பாயசம் வைத்தாள். "லைசென்ஸ் இருக்கு, கைதான் இல்லை" என்று சிரித்தாள்.

1975 ஜனவரி 6, திங்கள்

ஸ்கூல் திறந்தாச்சு. இரண்டு பேரையும் பெஹாலாவில் இறக்கிவிட்டு நான் கிடர்பூர் கப்பல் ஆபீஸுக்குப் போகிறேன். சாயங்காலம் போய் அழைத்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து சீட்டில் மன்னி நோட்டுத் திருத்திக்கொண்டு வருவாள், பின்னால் தாரா ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். டாக்கில் கப்பல் வராத நாளில் எனக்கு இதைவிட்டால் வேலையே இல்லை போல இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

எப்படி எழுதுவது.

நான் மாம்பலம் சீமாச்சு மாமா வந்திருக்கிறார் என்று ஹௌரா பக்கம் போயிருந்தேன். மன்னி தாராவை ஏற்றிக்கொண்டு தனியாக வண்டியை எடுத்திருக்கிறாள். வாளி தூக்கியதில் பலம் வந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கரியாஹாட் முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பாதி திரும்பி டிராம் தண்டவாளத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் ஸ்டியரிங் வரவில்லை. எதிரே டிராம், மணி அடித்துக்கொண்டே நிற்கிறது. பின்னால் பஸ், டாக்ஸி, ரிக்ஷா. எவனோ ஒருவன் ஜன்னலில் தட்டி, சமையலறையிலிருந்து ஏன் வெளியே வந்தாய் என்று கேட்டானாம். கூட்டம் சிரித்ததாம். பதற்றத்தில் கிளச்சை விட்டிருக்கிறாள், வண்டி குதித்து விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டது. முன் விளக்கு போச்சு. தாரா முன் சீட்டில் இருந்திருக்கிறாள். டேஷ்போர்டில் மோதி உதடு கிழிந்து இரண்டு தையல்.

நான் வந்தபோது வண்டி கீழே நின்றுகொண்டிருந்தது, யாரோ டாக்ஸி டிரைவர் ஓட்டிக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். மேலே தாரா தூங்கிக்கொண்டிருந்தாள், உதடு வீங்கி. மன்னி அவள் பக்கத்தில் தரையில்.

"என்னால முடியலடா" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லை மன்னி" என்றேன். பரவாயில்லையாம். பாவி.

ஜனவரி 20, திங்கள்

காலையில் காபியோடு சாவியையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "வண்டியை உன் பேருக்கே மாத்திக்கோ. அவர் ஆசையா வாங்கினது, நீயாவது நன்னா வெச்சுண்டிருப்ப."

நான் இதற்குத்தானே இத்தனையும் செய்தேன்? கிடைத்துவிட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

இன்னும் சொல்லவில்லை. நேற்றும் இல்லை. சொல்லப் போகிறேன் என்று போவேன், தாராவின் உதட்டைப் பார்ப்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ராலிக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். தத்தா பாபு வந்து வாசலில் நின்றுவிட்டார், வழிகாட்ட அவரே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டயமண்ட் ஹார்பர் ரோடு, இரண்டு பக்கமும் குளமும் வாழையும், பனி விலகிக்கொண்டிருந்தது. வண்டி வளைவில் தண்டவாளத்தில் போவது மாதிரி போயிற்று. எழுதிவிட வேண்டியதுதான்: மத்தியானம் வரை எனக்கு எந்த நினைப்பும் இல்லை. மன்னி இல்லை, தாரா இல்லை, அண்ணா இல்லை. சிரித்துக்கொண்டே ஓட்டினேன். எங்கள் பிரிவில் இரண்டாவது. ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி மன்னி துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"மார்ச்சோட நின்னுக்கறேன்னு ஸ்கூல்ல சொல்லப் போறேன். திருச்சியில எங்க அண்ணா வரச் சொல்லிண்டே இருக்கான். பஸ் ஏற முடியல, வண்டி ஓட்ட முடியல, தினம் உன் தலையில ஏறிண்டு எத்தனை நாள் போறது? இந்த ஊர்ல தனியா இருந்துடலாம்னு நினைச்சேன் பாச்சு. அதுக்கெல்லாம் நான் ஆளில்லை."

கையில் கோப்பை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். தாரா வாங்கிப் பார்த்துவிட்டு, "நாம ஜெயிச்சுட்டோமா அம்மா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அவளுக்குப் பலம் இல்லை என்று அவளையே நம்ப வைத்திருக்கிறேன். அவள் என்னைத் தேட வேண்டும் என்று பண்ணினேன். அவள் ஊரையே விட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தத்தா பாபுவிடம் போய், பழைய அளவுக்கே மாற்ற வேண்டும் என்றேன். கப் வாங்கிய வண்டிக்கா என்று சிரித்தார். "ஓட்டப் போவது பௌதி" என்றேன். சிரிப்பு நின்றது. கரியாஹாட் விஷயம் அவர் காதுக்கும் வந்திருக்கிறது.

"அன்னைக்கு நான் கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க."

வெட்டிய ரிம்மை மறுபடி வெட்டி ஒட்டுவது கூடாது, ஓட்டத்தில் விட்டுவிடும் என்றார். வேறு நாலு ரிம் வேண்டும். ஆசன்சோலில் நிலக்கரிச் சுரங்க டாக்டர் ஒருவரிடம் ஓடாத மாக்னெட் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆசன்சோல் போய் வந்தேன். டாக்டருக்குக் கொடுக்க மனசில்லை, அவர் மகன் என்றைக்காவது வந்து ஓட்டுவானாம். எதற்கு வேண்டும் என்று கேட்டார். ராலி, கிராலி என்று ஒன்றும் சொல்லவில்லை. "என் அண்ணா இல்லை. மன்னி ஓட்ட வேண்டிய வண்டி. நான் சக்கரத்தைக் கெடுத்துவிட்டேன்" என்றேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னது ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம். அவர் எழுந்து போய் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நாலு ரிம்மைச் சாக்கில் கட்டி பாசஞ்சர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சட்டையெல்லாம் துரு. பர்த்வானில் ஒருத்தர் இது என்ன வியாபாரம் என்று கேட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

சர்தார்ஜி கடையில் மீதி இரண்டு 5.60-உம் வந்துவிட்டது. பிப்ரவரி என்று அவர் சொன்னது சொன்னபடி. நவம்பரில் பேசாமல் காத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வண்டி நேற்று தயார். ஒல்லி டயரில் மறுபடி குமாஸ்தா மாதிரி நிற்கிறது. மன்னி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில், "ஒரு தடவை ஓட்டிப் பாருங்கோ மன்னி" என்றேன். மாட்டேன் என்றாள். "ஒரே ஒரு தடவை. அப்புறம் திருச்சிக்குப் போங்கோ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்." தாரா வரமாட்டேன் என்று மாஷிமா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குழந்தைக்கு வண்டியென்றால் இப்போது பயம்.

சதர்ன் அவென்யூ. அதே திருப்பம். மன்னி முன்னாலேயே தோளை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இழுத்த வேகத்துக்கு வண்டி சட்டென்று வளைந்து, வேண்டியதற்கு மேலேயே திரும்பிவிட்டது. நிறுத்தினாள். மெதுவாக மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை இரண்டு விரலால் தொட்டது மாதிரி. திரும்பியது. இன்னொரு தரம் திரும்பினாள். இன்னொரு தரம். அப்புறம் ஏரிக்கரை மரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அப்போ என் கையில ஒண்ணும் இல்லை."

"இல்லை மன்னி."

"டயர்தானா?"

"டயர்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போடறதுக்கு முன்னாடியே தெரியும். தத்தா பாபு சொன்னார்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரில் படகுப் பையன்கள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரும் கஷ்டப்பட்டுத்தான் திருப்புவார்னு சொன்னியே" என்றாள். "நான் அதை எத்தனை நாள் நினைச்சுண்டே இருந்தேன் தெரியுமா? நம்மகிட்ட சொல்லாம தினம் தோள் வலியோட வந்திருக்காரேன்னு. அதுவும் பொய்யா?"

"ஆமாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஏண்டா?" என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அந்த சீட்டை விட மனசில்லாமல் போய்விட்டது மன்னி என்று. எஞ்சினைப் போட்டாள். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு படியேறிவிட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

மன்னியே ஓட்டிக்கொண்டு போனாள். தாராவைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே கிளம்பினாள். தாரா பிள்ளையார் பொம்மை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பால்கனியில் நின்றேன். அப்புறம் டிராமுக்கு ஓடினேன்.

பெட்டிகள் பரணுக்குத் திரும்பிவிட்டன. அதை என்னிடம் சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாடு போடுகிறாள், துணி வண்ணானுக்குப் போடுகிறாள், தபால் வந்தால் மேஜைமேல் வைக்கிறாள். பேச்சு இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மாஷிமாகூட என்னை நல்ல பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது இன்னும் மோசம்.

லேக் மார்க்கெட் பக்கம் மெஸ் ஒன்றில் இடம் இருக்கிறது, போய்விடட்டுமா என்று கேட்டேன்.

"அது உன் இஷ்டம்" என்றாள். "தாராவுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு யோசிச்சுட்டுப் போ."

யோசித்தேன். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மையைத் தவிர.

மார்ச் 15, சனி

தாராவிடம் சொன்னேன். நான்தான் தப்பான டயரைப் போட்டேன், அதனால்தான் அன்றைக்கு அம்மாவால் திருப்ப முடியவில்லை, அம்மாவுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும் என்று. உதட்டுத் தழும்பை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டாள். "தெரிஞ்சேவா போட்ட?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ எனக்கு ஸாரி சொல்லு" என்றாள். சொன்னேன். அடுத்த நிமிஷம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்குத்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை.

மே 12, திங்கள்

அண்ணாவின் தலை திவசம். பண்ணிவைக்கிற வாத்தியாரைப் போய் அழைத்துக்கொண்டு வந்தது மன்னி. பின் சீட்டில் வேஷ்டியை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்து இறங்கினார். "பகவான் புண்ணியத்துல வந்து சேர்ந்தோம்" என்றார். மன்னி முகத்தில் சிரிப்பு வந்தது. என் பக்கம் திரும்பியபோதும் அது உடனே மறையவில்லை. கொஞ்சம் தாமதித்துத்தான் மறைந்தது.

பிண்டம் வைக்கும்போது அண்ணாவிடம் மனசுக்குள் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதவேண்டாம்.

ஜூன் 18, புதன்

விடியலிலிருந்து மழை. ராஷ்பிஹாரி முனையில் முழங்கால் தண்ணீர், டிராம் ஒன்றுகூட இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பஸ் ஒன்று வந்தது, படியில் தொங்குகிறவனைப் பிடித்துத் தொங்கத்தான் இடம் இருந்தது. விட்டுவிட்டேன்.

வண்டி தண்ணீரைப் பிளந்துகொண்டு மெதுவாக வந்தது. என்னைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது. அப்புறம் நின்றது. முன் சீட்டிலிருந்து தாரா கண்ணாடியை இறக்கி, "சித்தப்பா, அம்மா ஏறச் சொல்றா" என்று கத்தினாள்.

பின்னால் ஏறினேன். பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை; அங்கிருந்து பார்த்தால் வண்டி வேறு மாதிரி இருக்கிறது. ஈரச் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டேன். மன்னி திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் ஒரு லாரி அணைந்து குறுக்கே நின்றது. அவள் தண்டவாளத்துக்கும் லாரிக்கும் நடுவே இருந்த சந்தைப் பார்த்து, நிதானமாக ஒடித்து, மறுபடி ஒடித்து, வெளியே வந்துவிட்டாள். பின்னால் ஹாரன் அடித்தவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"பின் கதவு சரியா சாத்தலை. திறந்து சாத்து" என்றாள்.

சாத்தினேன்.

மாஜேர்ஹாட் பாலம் வந்தது. என் ஆபீஸுக்கு வழி பிரியும் இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். இறங்கிக் குடையை விரித்தேன். அவள் கியரைப் போட்டுக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"சாயங்காலமும் மழை விடாது. ஸ்கூல் விட்டு நாங்க வரப்போ இங்கேயே நில்லு."

நின்றேன். வந்தாள்.